முன்கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஒரு கிளாஸ் வெந்நீர், முதுகுக்குப் பத்து நிமிடப் பயிற்சி, முந்தைய நாளின் நாட்குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகள். ஆறு பத்துக்குக் காப்பி. ஆறு முப்பத்தைந்துக்கு, சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் இருக்கும் வீட்டிலிருந்து இறங்கிப் பேருந்து பிடித்தேன். பழைய கார்களை உடைக்கும் நிறுவனத்தில் செயல்பாட்டு இயக்குநராக இருப்பவனுக்குச் சொந்தக் கார் கிடையாது என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்று புதிதாகப் படிப்பவர்கள் சிரித்துவிட்டுத் தொடரலாம்.

ஏழு ஐந்துக்கு சுங்கை காடுட்டில் எங்கள் யார்டு. சாதாரணக் காலணியைக் கழற்றிவிட்டு, விரல் பக்கம் இரும்பு வைத்த காலணிக்கு மாறினேன். ஏழரைக்கு ஒரு சுற்று. எட்டு மணியிலிருந்து கண்டெய்னரில் 'ஹாஃப் கட்' ஏற்றும் வேலை.

ஹாஃப் கட் என்றால் காரின் முன்பாதி. முன் இருக்கைகளுக்குச் சற்று முன்னால் குறுக்கே அறுத்து, எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டேரிங், டேஷ்போர்டு எல்லாம் இருந்தது இருந்தபடியே வெளிநாட்டுக்கு அனுப்புவோம். நாற்பதடிக் கண்டெய்னரில் இருபத்திரண்டு ஏறும். நான் பட்டியலோடு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். பதினொன்று நாற்பதுக்குக் கதவை மூடி முத்திரை பூட்டினோம்.

நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் அதுவரை ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பன்னிரண்டேகாலுக்கு மேல்தான் கையெழுத்து மாறுகிறது.

மடியில் ஒரு துண்டு

பன்னிரண்டேகாலுக்கு ஜமால் பாய் வந்தார். தம்பியின் வேனிலிருந்து சக்கர நாற்காலியில் இறங்கி, சரளைக்கல் மேல் யாரையும் தள்ளவிடாமல் தானே உருட்டிக்கொண்டு என் அலுவலக வாசலுக்கு வந்தார். மடியில் ஒரு பெரிய பச்சைத் துண்டு நான்காக மடித்து இருந்தது.

"வாங்க பாய், உட்காருங்க" என்றேன், பழக்கதோஷத்தில்.

"நான் உட்கார்ந்துதான் சார் இருக்கேன். நீங்க உட்காருங்க."

இதே தவறை நான் சனிக்கிழமையும் செய்திருந்தேன். இதே பதிலைத்தான் அன்றும் சொன்னார்.

ஜமால் பாய் வாடகைக் கார் ஓட்டுபவர். பொங்கோலில் வீடு. தம்பிக்கு லிட்டில் இந்தியாவில் பெட்டி, பை விற்கும் கடை. பல வருடங்களுக்கு முன் விரைவுச்சாலையில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதன் பிறகு அவர் ஓட்டுவதெல்லாம் கையால்தான். ஸ்டேரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். அதிலிருந்து இரண்டு கம்பிகள் பெடல்களுக்கு இறங்கும். அவருடைய கை நீளத்துக்கும் பிடிக்கும் அளவெடுத்துச் செய்தது.

இங்கே ஒரு காருக்கு அனுமதி பத்து வருடம்தான். அவருடைய காருக்குச் சனிக்கிழமையோடு அது முடிந்தது. அன்று நள்ளிரவுக்குப் பிறகு அது சாலையில் ஓடக்கூடாத வண்டி. கைப்பிடியைக் கழற்றிப் புதுக் காரில் மாட்ட வேண்டிய மெக்கானிக்குக்குக் காய்ச்சல். அதனால் கைப்பிடியோடு அவரே ஓட்டிக்கொண்டு வந்து ஒப்படைத்தார்.

"அத மட்டும் பத்திரமா கழட்டி வைங்க சார். புதுசுக்குச் சொன்னா வெளியூர்லேர்ந்து வரணும், அளவெடுக்கணும், மறுபடி இன்ஸ்பெக்ஷன். ரெண்டு மூணு மாசம் போயிடும்." தொடையைத் தட்டிக் காட்டினார். "அடிபட்டு ரெண்டு வருஷம் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன் சார். சன்னல்லேர்ந்து கார்பார்க்கை எண்ணிக்கிட்டு. இந்தக் கம்பிதான் என்னை வெளியே கூட்டிட்டு வந்துச்சு. திரும்ப உள்ளே போக முடியாது."

"நான் பார்த்துக்கிறேன்" என்றேன். நானே போய் முன்கண்ணாடியின் இடது மேல் மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். சிவப்பு என்றால் யாரும் கை வைக்கக்கூடாது.

இப்போது செவ்வாய்க்கிழமை. துண்டோடு வந்திருக்கிறார்.

"சுத்தி எடுத்துட்டுப் போகத்தான். கீறல் படக்கூடாதுல்ல" என்றார்.

அவரை மின்விசிறிக்கு முன்னால் இருக்கச் சொல்லிவிட்டு, டி வரிசை நான்காம் இடத்துக்கு நடந்தேன். அந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"எங்க ஒட்டுன?"

எங்கள் ஃபோர்மேன் ஆ செங். அறுபத்தாறு வயது. முப்பது வருடமாகத் தமிழ் ஆட்களோடு வேலை செய்து, மரியாதைப் பன்மை தவிர மற்ற எல்லாத் தமிழும் கற்றுக்கொண்டவர். முதலாளியம்மாவையும் 'நீ' என்பார், மந்திரியே வந்தாலும் 'நீ' என்பார். கார் அவருக்குக் 'காடி', வாக்கியம் முடிவது பெரும்பாலும் 'லா'வில்.

"ஆ செங், டி நாலுல இருந்த வெள்ளி நிறக் காடி எங்க?"

"அதுவா? நேத்து கட் பண்ணியாச்சு லா. காலைல கண்டெய்னர்ல போயாச்சு. நீதான் டிக் போட்ட."

"சிவப்பு ஸ்டிக்கர் இருந்துச்சே!"

"எங்க ஒட்டுன?"

"முன்கண்ணாடில."

ஆ செங் கையுறையைக் கழற்றினார். எனக்கே நினைவுக்கு வரட்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடி நேத்து காலைல வித்துப் போச்சு."

ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை நகரத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். ஒரு பட்டறையிலிருந்து முன்கண்ணாடி கேட்டுத் தொலைபேசி வந்தது. கைபேசியில் இருப்புப் பட்டியலைத் திறந்து பார்த்து, அதே மாடல் ஒன்று டி வரிசையில் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று யார்டுக்குச் சொன்னது நான்தான். 'கை வைக்காதே' என்பது பட்டியலில் இல்லை, ஸ்டிக்கரில் இருந்தது. ஸ்டிக்கர் கண்ணாடியோடு போய்விட்டது. கண்ணாடி இல்லாத வண்டியைப் பார்த்த வெட்டும் ஆட்கள், வேலை தொடங்கிய வண்டி என்று நினைத்து மீதியையும் முடித்துவிட்டார்கள். அவர்கள் நினைத்ததில் பிழையே இல்லை.

சிங்கப்பூரில் ஏதோ ஒரு கார் இன்றும் 'தொடாதே' என்று எழுதிய கண்ணாடியோடு ஓடிக்கொண்டிருக்கலாம்.

அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஆ செங்கும் பின்னாலேயே வந்தார். ஜமால் பாய் என் முகத்தைப் பார்த்ததும் மடியில் இருந்த துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், ஒரு சின்னப் பிரச்சினை. யார்டுல ஆளுங்க கவனிக்காம, உங்க வண்டியைக் கட் பண்ணி ஏத்திட்டாங்க."

ஆளுங்க கவனிக்காம. அந்த இரண்டு சொற்களை நான் தேர்ந்தெடுத்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தன, வெளியே வந்துவிட்டன. வாசலில் நின்றிருந்த ஆ செங் தலையை ஆட்டினார். "ஆமா லா. எங்க தப்பு. நேரம் இருக்கு, எடுத்திடலாம்" என்றார்.

ஜமால் பாய் சத்தம் போடவில்லை. "கண்டெய்னர் எப்போ கிளம்புது?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு மணிக்கு அதை இழுத்துட்டுப் போக பிரைம் மூவர் லாரி வரும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தெட்டு.

காயலான் கடை மாப்பிள்ளை

அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நான் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று தட்டச்சு செய்வது வேலை. உள்ளே இருப்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு நாள் மேடம் கோ வந்தார். எங்கள் முதலாளியம்மா. கணவர் இறந்த வருடம் யார்டைக் கையில் எடுத்தவர். பட்டியலில் ஒரு கியர்பெட்டி இரண்டு தடவை வந்திருப்பதை நான் சுட்டிக்காட்டினேன். மறுவாரமே வேலைக்கு அழைத்தார்.

கமலாவைப் பெண் பார்க்கப் போனபோது சென்னையிலிருந்து வந்திருந்த அவளுடைய பெரியப்பா கேட்டார்: "மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"வாகன மறுசுழற்சி" என்றேன்.

"அப்படின்னா?"

என் அண்ணன் பொறுமை இழந்து, "பழைய காரை உடைக்கிறது மாமா" என்றான்.

"அட, காயலான் கடை!" என்றார் பெரியப்பா. கேசரித் தட்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. கமலா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் சம்மதம் சொன்னேன். இதை அவளிடம் சொல்லிப் பல வருடம் ஆகிறது, இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆரம்ப வருடங்களில் வாரம் இரண்டு நாள் லாரியில் பாகங்களை ஏற்றிக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவேன். பழைய எஞ்சின் எண்ணெயின் வாடையோடு தேக்கா சந்தையில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகிவிடும். இடம் தாராளம். அந்த நாட்களில் கற்றது ஒன்று: ஒரு கதவுக்கு அது எந்தக் காரின் கதவு என்று தெரியாது. யாராவது அதன் மேல் எழுதினால்தான் உண்டு.

எழுதியவர் ஆ செங்.

மஞ்சள் மெழுகுப் பென்சில்

நான் வருவதற்கு முன் யார்டின் மொத்த நிர்வாகமும் ஆ செங்கின் காதில் செருகிய ஒரு மஞ்சள் மெழுகுப் பென்சில்தான். வண்டி உள்ளே வந்ததும் கூரையில், எஞ்சின் மூடியில், டேஷ்போர்டில், நான்கு கதவுகளிலும் குறி போடுவார். வட்டம் என்றால் ஒரு அர்த்தம், பெருக்கல் குறி என்றால் இன்னொன்று. அந்த வண்டியை எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொரு துண்டும் குறியைச் சுமந்துகொண்டு போகும்.

எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. வாங்குபவர்களில் சிலரும் கிறுக்கலைத் துடைத்துத் தரச் சொன்னார்கள். சென்ற வருடம் நான் மூன்று நிற ஸ்டிக்கர் முறையைக் கொண்டுவந்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. அச்சிட்ட எண், தேதி, கையெழுத்துப் போட இடம். முன்கண்ணாடியில், இடது மேல் மூலையில், ஒரே ஒரு இடத்தில். அழகாக இருந்தது. மெழுகுப் பென்சிலை நிறுத்தச் சொன்னபோது ஆ செங் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணாடி போனா?"

"கண்ணாடி கடைசியாத்தானே போகும்" என்றேன். நடைமுறைக் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. கையேட்டை எழுதியவன் நான்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆ செங்கைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போனால் அவரை நீங்கள் சரியாகப் பார்க்க மாட்டீர்கள். டேஷ்போர்டில் சாமி இருக்கும் வண்டியை அவர் வெட்ட விடமாட்டார். முதலில் சாமியை எடுக்க வேண்டும். உரிமையாளர் வந்து வாங்கிப்போகும் வரை அது என் மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கும். பலர் வருவதில்லை. இப்போது ஏழு பிள்ளையார், மூன்று குவான் யின் அம்மன், ஒரு மேரி மாதா. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் ஆ செங் ஊதுபத்தி ஏற்றுவார்.

"மேரி மாதாவுக்கு எதுக்கு ஊதுபத்தி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாசனை யாருக்குப் பிடிக்காது லா?"

குர்ஆன் வசனம் பொறித்த ஒரு பித்தளைத் தகடும் உண்டு. அதை மட்டும் மேல் தட்டில், சுத்தமான துணி விரித்துத் தனியாக வைத்திருக்கிறார். அதற்கு ஊதுபத்தி கிடையாது. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான் "எங்க தப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்டெய்னரை நோக்கி நடந்தார்.

மேடம் கோ சொன்னது

பூட்டிய முத்திரையை உடைக்க முதலாளியம்மாவின் அனுமதி வேண்டும். புது முத்திரை என்றால் புது எண், எல்லாக் காகிதமும் மாறும். கப்பலைத் தவறவிட்டால் வாங்குபவருக்கு வாக்குத் தவறியதாகிவிடும். மேடம் கோ மாடியில் மதிய உணவுக்கு முன் கண் மூடி உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. நானும் அவரும் பேசுவது ஆங்கிலத்தில், இங்கே நம் மொழியில் தருகிறேன்.

சுருக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"அந்த மனிதர் இப்போது எங்கே?"

"கீழே. துண்டோடு இருக்கிறார்."

"என்ன துண்டு?"

சொன்னேன். கண்ணைத் திறந்தார்.

"சேது, இருபத்தாறு வருடத்தில் உன் கண்டெய்னர் ஒரு தடவைகூடத் தாமதமானதில்லை. இன்றைக்குத் தாமதமாகட்டும். போய்த் திற."

அவரிடமும் நான் ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது சாக்கு என்று எழுதும்போதே தெரிந்தது.

கடைசி வரிசை, கீழே

ஒன்று ஐந்துக்கு முத்திரையை வெட்டினோம். கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல வெப்பம் வந்தது.

நான் பட்டியலை விரித்தேன். "மூணாவது வரிசை, இடது பக்கம்."

"பேப்பரா காடி தூக்குச்சு?" என்றார் ஆ செங். "செல்வா தூக்குனான். செல்வாவைக் கேளு."

செல்வராசு புதுக்கோட்டைக்காரர். நாற்பது வயது, கதவகலத் தோள், ஃபோர்க்லிஃப்டை ஆட்டுக்குட்டி மாதிரி நடத்துவார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, ஸ்டேரிங் பக்கத்துல கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சே, அதானே? அது கடைசி வரிசைண்ணே, உள்சுவர் ஓரமா. கீழ."

"பட்டியல்ல அப்படி இல்லையே?"

"மூணாவது வரிசைல சரியா உட்காரல. மாத்திப் போட்டோம். நீங்க தலை நிமிராம டிக் போட்டுக்கிட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

ஜமால் பாய் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே, "கம்பி வளைஞ்சிருக்காதே?" என்றார்.

"இல்ல பாய். சட்டையில மாட்டுச்சுன்னு பழைய துணியைச் சுத்தி, வைப்பர் தண்டுல கட்டிவிட்டேன். அசையாது."

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். இடைவெளிகளில் செருகியிருந்த பம்பர்கள், கதவுகள், ரேடியேட்டர்கள் முதலில். பிறகு முன்பாதிகள். மூன்று மணிக்குப் பிரைம் மூவர் வந்தபோது பதினான்கு வெளியே இருந்தன, எட்டு உள்ளே. ஓட்டுநர் இறங்கி எங்களைப் பார்த்தார், வெயிலில் பரப்பி வைத்திருந்த வண்டிகளைப் பார்த்தார், "ஏத்துறீங்களா, எறக்குறீங்களா?" என்றார். மேடம் கோ குடையோடு வந்து அவரைக் காப்பிக்கு அழைத்துப் போனார்.

எட்டையும் எடுத்தால் கப்பல் போய்விடும். கடைசி வரிசைக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு ஆள் படுத்து ஊர்ந்தால் போகும் அளவுக்கு ஒரு பொந்து தெரிந்தது. செல்வராசுவின் தோள் அதில் நுழையாது. ஆ செங்குக்கு முட்டி மடங்காது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் என் எடை ஐம்பத்தாறு கிலோ.

வெள்ளைச் சட்டையோடு உள்ளே போனேன்.

ஜமால் பாய் நாற்காலியைக் கண்டெய்னர் வாசலுக்கு நேராக நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து கட்டளைகள் வந்தன.

"ஸ்டேரிங் கழுத்துக்குக் கீழ கை விடுங்க சார். ரெண்டு போல்ட். இடதுதான் முதல்ல!"

"வலதுதான் கையில படுது பாய்."

"வலதை முதல்ல கழட்டினா மொத்தமும் உங்க மூக்குல விழும். பரவால்லைன்னா கழட்டுங்க."

"ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்கு."

"கண்ணால தேடாதீங்க சார். கையால தேடுங்க."

இடது போல்ட் துருப்பிடித்திருந்தது. ஆ செங் ஒரு நீளக் குச்சியின் முனையில் எண்ணெய்க் குப்பியைக் கட்டி உள்ளே அனுப்பினார். "அடிச்சிட்டு நூறு எண்ணு. அவசரப்பட்டா தலை உடையும். போல்ட் தலை சொல்றேன்."

எண்ணினேன். வெளியே செல்வராசுவும் சத்தமாக எண்ணினார். எழுபதில் அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். முதுகில் வியர்வை ஓடியது. எஞ்சின் எண்ணெய், பழைய தரைவிரிப்பு, எங்கோ ஒரு மூலையில் யாரோ எப்போதோ வாசனைக்காகத் தொங்கவிட்ட பாண்டான் இலையின் காய்ந்த மணம். நூறு முடிந்ததும் போல்ட் ஒரு கீச்சோடு திரும்பியது.

"திரும்பிடுச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ். கத்தாதீங்க, இன்னும் முடியல. பிரேக் பெடல்ல ஒரு கவ்வி. அதுக்குள்ள வெள்ளை பிளாஸ்டிக் வளையம். அது கீழ விழுந்தா எல்லாம் போச்சு. எனக்குன்னு கடைஞ்சது."

அந்த வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். பையை வெளியிலிருந்து இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். சாலையில் அந்த மனிதரை நிறுத்தப்போவது ஒரு மோதிர அகலத்துக்கு இருந்த அந்த வளையம்தான்.

மூன்று நாற்பதுக்கு வெளியே வந்தேன். ஜமால் பாய் கையை நீட்டினார், முதலில் வளையத்தை அதில் வைத்தேன். கைப்பிடியை வாங்கி, துணியைப் பிரித்து, வலது கையால் பிடித்து, காற்றில் முன்னால் தள்ளினார். கீழே அழுத்தினார். மறுபடி தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் அவர் ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு பச்சைத் துண்டில் சுற்றினார். என் இரண்டு கைகளையும், அவற்றின் கருப்பெண்ணெயோடு, பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க இல்லைன்னா நான் இன்னைக்குச் செத்தேன்."

திரும்பி ஆ செங்கைப் பார்த்தார். குரல் மாறியது. "அங்கிள், அடுத்த தடவை பாத்து லா. உங்களுக்கு இது பழைய காடி. எனக்கு இது கால். எத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு? ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரியலையா?"

"சாரி லா, பாய்" என்றார் ஆ செங். "வயசாச்சு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று அன்று மாலை நினைத்துக்கொண்டேன். அது உண்மை இல்லை.

பதினான்கையும் மறுபடி ஏற்றி, புது முத்திரை பூட்டி, ஐந்து ஐம்பதுக்குக் கண்டெய்னர் போனது. கப்பலைப் பிடித்துவிட்டது.

வீட்டில் சட்டையைப் பார்த்துக் கமலா காரணம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஆ செங் திட்டு வாங்கியது உட்பட. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்தாறு."

அப்பளம் வைத்தாள்.

மறுநாள் காலையில் முதலில்

புதன்கிழமை, ஏழு ஐந்து. காலணியை மாற்றவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே நீள மேசையில் ஆட்கள் காலை உணவு சாப்பிடுவார்கள். ஆ செங் அரிசிச் சேமியா பீ ஹூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே செல்வராசுவும் மற்றவர்களும். மேடம் கோ தேநீருக்கு வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஜமால் பாய்க்குத் தொலைபேசினேன். அவர் ஏற்கெனவே மெக்கானிக்கின் பட்டறையில் இருந்தார். பின்னால் ஸ்பேனர் சத்தம் கேட்டது.

"பாய், நேத்து நான் சொன்னது பொய். ஆளுங்க யாரும் கவனிக்காம விடல. ஸ்டிக்கரைக் கண்ணாடில ஒட்டினது நான். அந்தக் கண்ணாடியை விக்கச் சொன்னதும் நான். ஸ்டிக்கர் இல்லாத வண்டிதான் ஆ செங் கைக்கு வந்துச்சு."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அப்போ அங்கிளை நான் சும்மா திட்டினேனா?"

"ஆமா."

"ஏன் சார் நேத்தே சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு."

"அவர் பக்கத்துல இருக்காரா? ஃபோனை அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஆ செங் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேசையில் யாரும் மெல்லவில்லை.

"ஹலோ... ஆமா லா... இல்ல லா, பரவால்ல... கம்பி மாட்டியாச்சா?... பிரேக் நல்லா புடிக்குதா? ரெண்டு தடவை பாரு... ம்... ம்... சரி... சரி லா."

கைபேசியைத் திருப்பித் தந்தார். அதில் மிளகாய்ச் சாந்து ஒட்டியிருந்தது.

"என்ன சொன்னார்?"

"புதுக் காடியும் பத்து வருஷம் முடிஞ்சா இங்கதான் கொண்டுவருவானாம்." பீ ஹூனைக் கிளறினார். "ஆனா சாவியை ஆபீஸ்ல குடுக்க மாட்டானாம். எங்கிட்டதான் குடுப்பானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொல்லிட்டேன்" என்றார், அறுபத்தாறு வயது ஆ செங்.